கேட்டுப் போடுகிற செக்

எங்கள் தொழிலில் யாரும் செக்கை வாங்கிய கையோடு பேங்கில் போடுவதில்லை. போட்டால் மரியாதை தெரியாதவன் என்று பெயர். முதலில் போன் பண்ண வேண்டும். "அண்ணே, அந்தச் செக்கப் போடலாமா?" என்று கேட்க வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் "வெள்ளிக்கிழமை போடுங்க" என்பார். இல்லாவிட்டால் "நானே சொல்றேன்" என்பார். நானே சொல்றேன் என்றால் அவர் சொல்ல மாட்டார் என்று அர்த்தம். கேட்காமல் போட்டு அது திரும்பி வந்துவிட்டால், பணம் இல்லாமல் செக் எழுதியவன் மேல் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். கேட்காமல் போட்டவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இந்த நியாயத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. கேட் அடிக்கிறவன், பெயிண்ட் அடிக்கிறவன், ஒயரிங் பண்ணுகிறவன், டைல்ஸ் ஒட்டுகிறவன் எல்லோரும் இதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள். இதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது.

எங்களுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. பெரிய தகரக் கொட்டகை, இரண்டு வெல்டிங் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், பைப் வளைக்கிற மெஷின் ஒன்று. மெஷினில் இவருடைய கை, கணக்கில் என்னுடைய கை. மூலையில் பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் என் மேஜை. கிரைண்டர் சத்தத்தை மீறிப் போனில் கத்திக் கத்தி என் குரல் சண்டைக்காரி குரலாகிவிட்டது. வீட்டில் சாதாரணமாகப் பேசினாலும் திட்டுகிற மாதிரி இருக்கிறது என்று இவர் குறைப்படுவார். பாதி நேரம் நான் திட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

இவருடைய அக்கா வீட்டுக்காரர் காண்ட்ராக்டர். அவர் ஓர் அடுக்குமாடிக் கட்டிடம் எடுத்தார். அதில் ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, பால்கனிக் கம்பி, வாசல் கேட் எல்லாம் எங்களுக்கே என்று சொல்லிவிட்டார். அதுவரை நாங்கள் பார்த்ததிலேயே பெரிய வேலை அதுதான். அட்வான்ஸ் கேளுங்கள் என்றேன். சொந்தத்தில் அட்வான்ஸ் கேட்டால் நன்றாகவா இருக்கும் என்றார் இவர். சொந்தத்துக்கு இரும்பு சும்மா வருமா? இரும்புக்கடைக்காரரிடம் கடனுக்கு எடுத்தோம். அவருக்கு நாங்கள் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. எல்லா மெஷினையும் கொட்டகைக் குத்தகையையும் அடமானமாக எழுதி வாங்கிக்கொண்டுதான் லாரியை அனுப்பினார். கையெழுத்துப் போட்ட அன்றே நேராகக் கோயிலுக்குப் போனேன். பட்டறை கையை விட்டுப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். வேறு எதையும் நான் வேண்டிக்கொள்ளவில்லை.

வேலை நன்றாக முடிந்தது. அதில் குறை சொல்ல முடியாது. மாடிப்படிக் கைப்பிடி கீழிருந்து மேல்வரை ஒரே ஓட்டமாக, இணைத்த இடம் தெரியாமல் வளைந்து போகும். காண்ட்ராக்டரே தடவிப் பார்த்துவிட்டு "மாப்ள, கை வழுக்கிட்டுப் போகுதுடா" என்றார். அன்று சாயங்காலம் அவர் வீட்டில் வைத்து முழுத் தொகைக்கும் செக் எழுதிக் கொடுத்தார். அண்ணி, அதாவது இவருடைய அக்கா, டீ கொடுத்தார். நான் செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேதி அன்றைய தேதி. பெயர் சரி, எண்ணும் எழுத்தும் சரி. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலையில் நான் அதைப் பேங்கில் போட்டிருப்பேன். செக் என் கைப்பையில் இருந்தது, எங்கள் பேங்க் பட்டறைக்குப் போகிற வழியில் இருந்தது. இவர்தான் விடவில்லை.

"மச்சான் கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடலாம்."

"எழுதிக் குடுத்ததே அவர்தான். இன்னும் யாரக் கேக்கணும்?"

"கேட்டா என்ன, கொறஞ்சா போயிடுவோம்?"

கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

"மாப்ள, கொஞ்சம் பொறு" என்றார் காண்ட்ராக்டர். "கணக்குல பணம் இருக்கு, பயப்படாத. ஒரு பெரிய டெண்டர் போடறேன். கணக்குல இவ்வளவு இருக்குன்னு பேங்க்ல லெட்டர் வாங்கணும். அது வர்ற வரைக்கும் பணம் அப்படியே கெடக்கட்டும்."

அதாவது அவருடைய கணக்கு கொழுகொழு என்று தெரிய வேண்டும். அதற்கு எங்கள் பணம் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு இவர் "சரி மச்சான்" என்று பல்லைக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி கேட்டார். லெட்டர் இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகு மறுபடி. அந்தத் தடவை அண்ணியே போனை வாங்கினார். "தம்பி, உன் மச்சான் டெண்டர் டென்ஷன்ல இருக்காரு. அவரே சொல்றேன்னு சொல்லச் சொன்னாரு. அதுவரைக்கும் செக்கப் போட்டுடாத கண்ணு, என்ன?"

"போட மாட்டேன்க்கா."

அந்தக் 'கண்ணு'வில் இவர் கரைந்துபோனார். இவருடைய அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். தலை வாரிவிட்டு, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் அக்காதான். அது எனக்கும் தெரியும், நானும் அதை மதிக்கிறவள்தான். ஆனால் அக்கா என்ற சொல் காதில் விழுந்ததும் இவருக்கு மூளை வேலை நிறுத்தம் செய்துவிடும்.

லெட்டர் வந்தது, டெண்டரும் கிடைத்தது. இனிப்பு கொடுத்துவிட்டார்கள். செக்கைப் போடு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இரும்புக்கடைக்காரர் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் மெஷின்களைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. இந்த மாசக் கடைசியில் நான் யாரையும் கேட்காமல் போட்டுவிடுவேன் என்று இவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மாசக் கடைசி வருவதற்குள் காண்ட்ராக்டருடைய பேங்க் போய்விட்டது.

பேங்க் போய்விட்டது என்று கட்டையன்தான் ஓடிவந்து சொன்னான். கட்டையன் எங்கள் பட்டறையில் பிரைமர் அடிக்கிறவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். "பேங்க் எப்படிடா போகும்? எங்க போகும்?" என்று அவனைத்தான் திட்டினேன். போய்ப் பார்த்தால் இரும்பு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, அதில் ஒரு நோட்டீஸ். கண்ணாடி வழியாக மேனேஜர் அறை தெரிந்தது. மேஜை மேல் பூந்தொட்டி, நாற்காலி முதுகில் தொங்கிய துண்டு, பாதி குடித்த தண்ணீர் பாட்டில். ஜனங்கள் நோட்டீஸைப் படித்துவிட்டு, புரியாமல் மறுபடி முதலிலிருந்து படித்தார்கள். ஒரு கிழவர் ஷட்டரைக் கையால் தட்டி "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில், பேங்கை மூடிக் கணக்கு முடிக்க வந்த அதிகாரிகள் அங்கேயே ஒரு கவுன்ட்டரைத் திறந்தார்கள். பணம் வர வேண்டியவர்கள் வந்து பதிவு பண்ணிக்கொள்ள வேண்டுமாம். நானும் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ரிட்டயர்டு டீச்சர் பாஸ்புக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் கவுன்ட்டர் பையன் கணக்கு நம்பர் கேட்டான்.

"எனக்கு இங்க கணக்கு இல்ல தம்பி. செக் இருக்கு."

அதை வாங்கிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "செக் எங்களோடதுதாம்மா. ஆனா கணக்கு யாரோடதோ அவங்கதான் இங்க கேக்க முடியும். செக் வெச்சிருக்கறவங்களுக்குப் பேங்க் எதுவும் தர வேண்டியதில்ல. உங்களுக்கு யார் எழுதிக் குடுத்தாங்களோ அவங்கள நீங்க கேட்டுக்கணும்."

"இது இந்தப் பேங்க் செக்குதானப்பா?"

"ஆமாம்மா. அதுக்காக நீங்க எங்களுக்குக் கடன் குடுத்தவங்க ஆயிட மாட்டீங்க."

பின்னால் நின்ற ஆள் எரிச்சலோடு கேட்டார்: "அப்ப எதுக்கும்மா எங்க வரிசையில வந்து நிக்கறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பறிகொடுத்தவர்கள் வரிசையில் நிற்கக்கூட எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் வெளியே வரும்போது மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. பேங்க் தர வேண்டாம், காண்ட்ராக்டர் தரட்டும். அவர் உயிரோடுதானே இருக்கிறார்.

நேராக வக்கீலம்மாவிடம் போனோம். அவர் வீட்டுக்கு நாங்கள்தான் கேட் அடித்துக் கொடுத்தோம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவருடைய ஆபீஸ், கீழே மெஷின் ஓடினால் மேலே தரை அதிரும். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"செக்குங்கறது பணம் இல்ல" என்றார். "என் பணத்துலேருந்து இவருக்கு இவ்வளவு குடுன்னு அவர் பேங்குக்கு எழுதற சீட்டு. பேங்க் குடுக்கலன்னா கடன் அப்படியே அவர் தலைமேலதான் நிக்கும்."

"அப்ப அவர் குடுத்துதான ஆகணும்?"

"செக்க எப்ப வாங்கினீங்க?"

சொன்னேன். அவர் பழத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இத்தன நாளா ஏன் போடல?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "வாங்கின உடனே போட்டிருந்தா பணம் வந்திருக்கும். கணக்குல பணம் இருந்திருக்கு, பேங்கும் அப்ப தெறந்திருக்கு. போடாம வெச்சிருந்தது நீங்க. அந்த நேரத்துல பேங்க் போயிட்டா, அந்த நஷ்டம் போடாம வெச்சிருந்தவங்க தலையிலதான் விழும். சட்டம் அப்படி. அவர் கையக் கழுவிட்டுப் போயிடலாம். அவருக்குப் பேங்க்லேருந்து வர வேண்டியத, அவர் எடத்துல நின்னு நீங்க கேட்டுக்கலாம்."

"கெடைக்குமா?"

"வருஷக்கணக்கா ஆகும். முழுசா வராது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு அளவு வரைக்கும் காப்பீடு இருக்கு. அது அவர் கைக்கு வரும். அத மட்டும் அவர் தரமாட்டேன்னு சொல்ல முடியாது. ஆனா உங்க தொகையில அது ரொம்பக் கொஞ்சம்."

"அவர்தாம்மா போடாதன்னு சொன்னாரு!" என்று கத்தினேன். கீழே ஜெராக்ஸ் மெஷின்கூட நின்றுவிட்டது.

வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? போடாதன்னு அவரே நிறுத்தி வெச்சிருந்தா கதையே வேற. தாமதம் உங்களோடது இல்ல. முழுப் பணத்துக்கும் அவர்தான் பொறுப்பு. எழுத்துல இருக்கா?"

"போன்ல சொன்னாரு."

"யார் கேட்டா?"

"நான் கேட்டேன்."

"நீங்க சம்சாரம். நீங்க இவருக்குச் சாதகமாத்தான் பேசுவீங்கன்னு அந்தப் பக்கம் சொல்லுவாங்க. வேற யாராச்சும்?"

"அக்கா இருந்துச்சு" என்றார் இவர். அதுவரை வாய் திறக்காதவர் முகத்தில் அப்படி ஒரு தெம்பு. "ஒரு தடவ அக்காவே போன வாங்கிப் போடாதன்னு சொல்லிச்சு. அக்கா பொய் சொல்லாது."

அன்றைக்கே காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போனோம். மனிதர் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். டி.வி. சத்தமில்லாமல் ஓடியது. போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருக்க, அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார். சிமென்ட்காரன், மணல்காரன், கூலியாட்கள் எல்லோரும் அவரைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் அந்தப் பேங்கில் நிறையப் போயிருந்தது. அதற்காக நான் பாவப்படத் தயாராகத்தான் போனேன். அவர் வாயைத் திறக்கிற வரைக்கும்.

"நான் செக் குடுத்தனா இல்லையா? அன்னிக்குத் தேதி போட்டுத்தான குடுத்தேன்? நீ போடல மாப்ள. என் வக்கீலும் அதத்தான் சொல்றாரு."

"நீங்கதான மச்சான் பொறுன்னு சொன்னீங்க?"

"நீ போடலாமான்னு கேட்ட. நானும் ஒரு பேச்சுக்கு ஏதாச்சும் சொல்லியிருப்பேன். தொழில்ல எல்லாரும் சொல்றதுதான? அதெல்லாம் ஒரு பேச்சா?"

"எங்க பணத்தக் காட்டித்தான அண்ணே டெண்டர் எடுத்தீங்க?" என்றேன்.

"தங்கச்சி, வார்த்தைய அளந்து பேசு."

"பணத்த அளந்து வெச்சுட்டு வார்த்தைய அளக்கச் சொல்லுங்க அண்ணே."

இவர் என்னைக் கையமர்த்திவிட்டுக் கதவருகே நின்ற அக்காவைப் பார்த்தார். சின்னப் பிள்ளை பார்க்கிற மாதிரி பார்த்தார். "நீ சொல்லுக்கா. நீயேதான போன வாங்கி எங்கிட்டச் சொன்ன?"

அண்ணி கையில் தட்டு, தட்டில் டம்ளர்கள். அவற்றை இப்படியும் அப்படியும் நகர்த்தி வைத்தார். புருஷனைப் பார்த்தார். பிறகு "டீ ஆறுது" என்றார். அதோடு சரி.

குடிக்காமல் எழுந்து வந்துவிட்டோம். வண்டியில் வரும்போது நான் வாயை மூடவே இல்லை. இவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அவர் முன்னாடி வெச்சு அது எப்படிச் சொல்லும்?"

ஆனால் அண்ணி வந்தார். அதை மறைக்கக் கூடாது. மறுநாள் காலையில் காரில் இல்லாமல் பஸ்ஸில், தனியாக, குடையைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். தீப்பொறி படாமல் இருக்க வாசலிலேயே நின்றார். இவர் மெஷினை அணைத்து, முகமூடியைத் தூக்கினார்.

"ராத்திரி கண்ண மூடல தம்பி" என்றார் அண்ணி. "என் வாயாலதான் போடாதன்னு சொன்னேன். அத இல்லன்னு சொன்னா எனக்கு நாக்கு அழுகிடும். உங்க வக்கீல் கிட்ட வந்து சொல்றேன். எங்க கையெழுத்துக் கேட்டாலும் போடறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணி மேல் எனக்கு அப்படி ஒரு அன்பு வந்ததே இல்லை. அவர் காலடியில் விழுந்திருப்பேன். கட்டையன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். பட்டறை பிழைத்தது என்று எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

அண்ணி அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்சம் பொறுத்து, "சொன்னா வீட்ட விட்டுப் போயிடுன்னாரு. பரவால்ல, போறேன்" என்று சேர்த்துச் சொன்னார்.

இவர் காதில் அது மட்டும்தான் விழுந்தது. "வீட்ட விட்டா போகச் சொன்னாரு?"

"கோவத்துல சொன்னாரு."

இவர் வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் ஒன்றுமில்லை, துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு "வேண்டாம்க்கா" என்றார்.

"நெசமாவா?"

அந்தக் கேள்வியை அண்ணி கேட்ட விதம் எனக்குச் சாகும்வரை மறக்காது. அடிக்கப் போகிறார்கள் என்று பயந்த பிள்ளையை, போ என்று விட்டால் எப்படிக் கேட்கும்? அப்படிக் கேட்டார்.

"வேணும் அண்ணி" என்றேன் நான். மெஷின் எல்லாம் நின்றிருந்ததால் என் குரல் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. "வேணும். வாங்க, இப்பவே போகலாம். வக்கீலம்மா ஆபீஸ் தெறந்திருப்பாங்க." மேஜை மேலிருந்த கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சும்மா இரு" என்றார் இவர் என்னிடம். "அக்கா குடும்பத்த ஒடைச்சு எனக்குப் பட்டறை வேண்டாம்."

"உங்களுக்கு வேண்டாம். எனக்கு? இதோ நிக்கறானே கட்டையன், அவனுக்கு? இது உங்க அக்காவுக்கும் உங்களுக்கும் நடக்கற பாசப் போட்டியா? என் வயசெல்லாம் இந்தத் தகரத்துக்கு அடியிலதான போச்சு?"

"போதும்" என்றார்.

அண்ணி அழுதார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு "நீ நம்ம அப்பா மாதிரிடா" என்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு நடந்தார். நான் விடவில்லை. பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே ஓடினேன். "அண்ணி, அவர் சொல்றதக் கேக்காதீங்க. உங்களுக்குப் போக எடமில்லன்னா எங்க வீடு இருக்கு. என் தலைய அடமானம் வெச்சாவது உங்கள வெச்சுக் காப்பாத்துவேன். வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

"தம்பியே வேண்டாங்கறான். நான் என்னம்மா பண்றது?" என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவருக்கு.

உண்மையைச் சொல்ல வந்தேன் என்ற பெருமையும் கிடைத்தது, சொல்லாமல் தப்பித்த நிம்மதியும் கிடைத்தது. இரண்டும் ஒரே காலையில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

என் வாயாலாவது சொல்லிப் பார்ப்போம் என்று இவரை இழுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனேன். என் பேச்சு எடுபடுமோ படாதோ, சொல்லாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். ஆனால் செக் இவர் பெயரில். வக்கீலம்மா இவரைத்தான் கேட்டார்: "அவர் போடாதன்னு சொன்னாரா?"

"இல்லம்மா" என்றார் இவர். "நானாத்தான் வெச்சிருந்தேன்."

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? என் புருஷன் பொய் சொல்கிறார், எங்கள் சோற்றில் நாங்களே மண்ணைப் போட்டுக்கொள்கிறோம் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றா? காண்ட்ராக்டர் சத்தியம் செய்து மறுத்திருந்தால்கூட அவரோடு மல்லுக்கட்டியிருப்பேன். சொந்தப் புருஷனோடு எந்தக் கோர்ட்டில் போய் மல்லுக்கட்டுவது?

மிச்சமெல்லாம் மளமளவென்று நடந்தது. காப்பீட்டுப் பணம் வந்ததும் காண்ட்ராக்டர் அதை ஒழுங்காகக் கொடுத்துவிட்டார். பட்டறை ஆட்களின் பாக்கிக் கூலிக்குத்தான் அது போதுமானதாக இருந்தது. பேங்கிலிருந்து தனக்கு வர வேண்டியதில் எங்கள் தொகை அளவுக்கு நாங்களே கேட்டுக்கொள்ளலாம் என்றும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்துக்கு மட்டும் எங்களிடம் பொறு என்று சொல்லவில்லை, வக்கீலம்மா நீட்டியதும் போட்டுவிட்டார். ஆக, செத்துப்போன பேங்கின் வாசலில் இப்போது எனக்கும் முறையான இடம் உண்டு. போய் நின்றேன். அந்தக் கவுன்ட்டர் பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வந்துட்டீங்களாம்மா" என்று பதிவு போட்டுக் கொடுத்தான். எப்போது வரும் என்று கேட்டால் தெரியாது என்றான். எவ்வளவு வரும் என்றாலும் தெரியாது. நல்ல பையன், பொய் சொல்லத் தெரியவில்லை.

இரும்புக்கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் எழுதி வாங்கியதைத்தான் எடுத்துக்கொண்டார். லாரியோடு அவரும் வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பைப் வளைக்கிற மெஷினை அவருடைய ஆட்களுக்குத் தூக்கத் தெரியவில்லை, ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டார்கள். இவர் ஓடிப்போய், அடியில் உருளை வைத்து, எப்படி ஏற்ற வேண்டும், எங்கே கயிறு கட்ட வேண்டும் என்று கூடவே நின்று காட்டிக் கொடுத்தார். அடிபடாமல் போகட்டும் என்றார். நான் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கொட்டகையில் சத்தமே இல்லாதபோது அது எவ்வளவு பெரியது என்று அன்றுதான் பார்த்தேன். இப்போது அங்கே யாரோ வாடகை நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இவர் இன்னொருவர் பட்டறைக்குக் கூலிக்குப் போகிறார். அந்த முதலாளிக்கு இவர் வயதில் பாதிகூட இருக்காது. "இந்த வளைவு சரியில்லண்ணே, பிரிச்சு மறுபடி போடுங்க" என்று சொல்வானாம், இவர் பிரித்துப் போடுவாராம். கட்டையன்தான் வந்து சொன்னான். அவனுக்கும் அங்கேதான் வேலை கிடைத்தது. நான் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் நாங்கள் சண்டை போடுவதில்லை. சண்டை போட இரண்டு பேர் வேண்டும். இவர் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை இவர் குளித்துக்கொண்டிருந்தபோது இவருடைய போன் அடித்தது. அண்ணி. நான்தான் எடுத்தேன். பட்டறை போனதற்கு அப்புறம் அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"தம்பி சாப்ட்டானாம்மா? ரொம்ப மெலிஞ்சுட்டான்னு சொன்னாங்களே. பாத்துக்கோம்மா. கோவத்துல ஏதும் சொல்லிடாத."

"சொல்றதில்ல அண்ணி."

"அவன் மனசு யாருக்கு வரும்? இந்தக் காலத்துல இப்படி ஒருத்தன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்மா."

"நீங்க குடுத்து வெச்சவங்க அண்ணி" என்றேன். "உங்களுக்காகப் பட்டறையையே விட்டுக்குடுக்கத் தம்பி இருந்தாரு. எனக்குப் புருஷன் மட்டுந்தான் இருக்காரு."

திரும்பிப் பார்த்தேன். இவர் ஈரத் தலையோடு, துண்டைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றிருந்தார். கேட்டிருப்பார். கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.